காசு யார் கட்டினது?

மாத்தளையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபத்தெட்டு வருஷம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, ஊர் வாயில் பீ.எச்.ஐ.யாக, இருந்த தில்லையம்பலம், எந்தக் கடையிலும் ஒரு வாய் பிளேன்டீகூட ஓசியில் குடித்தவரில்லை. இதை அவரே சொல்லுவார். கேட்காதவர்களிடமும் சொல்லுவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு அதை முழுக்கக் கேட்டவர்கள் ஊரில் நிறையப் பேர்.

மனுஷன் சொன்னதில் பொய் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கடைகளைச் சோதிக்கப் போகும்போது தண்ணீரைக்கூட வீட்டிலிருந்தே போத்தலில் கொண்டுபோவார். அதனால் கடைக்காரர்கள் அவருக்குப் பின்னால் வைத்த பெயர் போத்தல் ஐயா. ஒருமுறை வில்கமுவப் பக்கம் வேலையாகப் போய்த் திரும்பியபோது, மோட்டார்சைக்கிளின் பின்னால் யாரோ ஒரு பூசணிக்காயைக் கட்டிவிட்டிருந்தார்கள். மறுநாள் அவ்வளவு தூரமும் அதைத் திருப்பிக் கொண்டுபோய், போன வீடுகள் ஏழிலும் ஏறி இறங்கி விசாரித்தார். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் பூசணிக்காயைப் பன்சாலைப் பிக்குவிடம் கொடுத்துவிட்டு வந்தார். கட்டினவன் எந்தக் காரியத்தை நினைத்துக் கட்டினான் என்ற கேள்வி மட்டும் பல வருஷம் அவருக்குள் கிடந்து உறுத்தியது. ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்குப் பூசணிக்காய் கொடுக்க ஆசைப்பட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அந்த வேலை அப்படி. ஒரு கடைக்கு எந்தத் தரம் என்று எழுதுவது அவர் கை. ஒரு ரொட்டியைச் சும்மா தின்றால் அந்தக் கை தாழ்ந்துவிடும். தவிர்க்க முடியாமல் வெளியே சாப்பிட நேர்ந்தால் அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முதலில் காசு, பிறகுதான் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு காசை நீட்டினால் முதலாளி கையைப் பிடித்துத் தள்ளுவார், நாலு பேர் பார்ப்பார்கள், வாங்கினாரா இல்லையா என்று ஊர் பேசும். முதலிலேயே வைத்துவிட்டால் அந்த நாடகத்துக்கு இடமில்லை.

ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கும்போது மனைவி மீனாம்பிகை மகள் வாகினியின் பிரசவத்துக்காகக் கொழும்புக்குப் போனார். தில்லையம்பலத்துக்குச் சுடுதண்ணீர் வைக்கத்தான் தெரியும். கடைச் சாப்பாடு என்று முடிவானதும் ஊரிலுள்ள சமையல்கட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் ஓடவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பலீலின் ஹோட்டலைத் தெரிந்தெடுத்தார். நல்ல கடை என்பதற்காக இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பு அந்தக் கடைக்கு அவரேதான் ‘சி’ தரம் போட்டிருந்தார். மறுசோதனை அடுத்த வாரம். சோதனைக்குக் காத்திருக்கும் கடையைப் போலச் சுத்தமான கடை ஊரில் வேறு இருக்காது என்பது அவருடைய கணக்கு. அது முடிந்ததும் மிச்ச லீவில் போகிறார், அதனால் அந்த மறுசோதனைப் படிவத்தில் போடுவதுதான் அவருடைய உத்தியோகத்தின் கடைசிக் கையெழுத்தாகவும் இருக்கப்போகிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் போய் இடியப்பத்துக்குச் சொல்லி, காசை மேசையில் வைத்தார். தட்டு வருவதற்குள் போன் அடித்தது. வில்கமுவயில் வயலில் இறங்கிய இரண்டு பேர் எலிக்காய்ச்சலில் செத்துப்போய்விட்டார்கள், உடனே வரச் சொன்னார்கள். எழுந்தவர் அப்படியே மோட்டார்சைக்கிளில் ஏறிவிட்டார். அங்கே மூன்று நாள், வீடு வீடாக, வரப்பு வரப்பாக அலைச்சல். சாப்பிடாமல் விட்டுவந்த இடியப்பம் அவர் நினைவிலிருந்தே போய்விட்டது.

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக மறுபடியும் பலீலின் கடைக்கு வந்தார். கதவுப் பலகைகளை அப்போதுதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய முதல் ஆள் அவர்தான். வழக்கம்போலக் காசை வைத்தார், நல்ல பசி, இடியப்பமும் சொதியும் சம்பலும் தட்டில் மிச்சமில்லாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுத் திரும்பினால், பலீல் அந்தக் காசைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்.

“இது உங்கட சல்லி சேர். உங்கட சாப்பாட்டுக்கு நேத்தே கட்டியாச்சு.”

தில்லையம்பலம் ஈரக் கையோடு மேசைக்குத் திரும்பி வந்தார்.

“யார் கட்டினது?”

“நேத்து முதலாவதா வந்த ஆள். நாளைக்கு முதல்ல வாறவங்களுக்கெண்டு வச்சிட்டுப் போனாங்க. இப்ப ரெண்டு மூணு நாளா இப்படித்தான் நடக்குது. அது எப்படியெண்டா சேர், செவ்வாய்க்கிழம...”

“நீங்க பேச வேணாம். உங்க கடைக்கு அடுத்த வாரம் சோதனை. இதுல நீங்க ஒரு தரப்பு.” காசைத் திருப்பி நீட்டினார். “இதப் பிடிங்க.”

பலீல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “ஒரு சாப்பாட்டுக்கு ரெண்டு தரம் சல்லி எடுக்க ஏலாது சேர். எனக்கு அது ஹராம்.”

“எனக்குச் சும்மா சாப்பிட ஏலாது.”

இரண்டு யோக்கியர்கள் இப்படி எதிரெதிரே நின்றால் மூன்றாமவர் வந்துதான் விலக்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் அங்கே ஒருவரும் இல்லை. தில்லையம்பலம் காசை மேசையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பலீல் அதைக் கல்லா லாச்சியில் போடவில்லை. அடுத்து வந்தவருக்கு, உங்கள் சாப்பாட்டுக்குக் காசு கட்டியாச்சு என்று சொல்லிவிட்டார். இது நம் ஆளுக்குத் தெரியாது.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இருபத்தெட்டு வருஷக் கட்டுப்பாடு, ஓய்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு தட்டு இடியப்பத்தில் கவிழ்ந்துவிட்டது. எவனோ திட்டம் போட்டுக் கவிழ்த்திருக்கிறான். இனி அந்தப் படிவத்தில் நல்ல தரம் எழுதினால் சாப்பிட்டதற்காக எழுதினான் என்பார்கள். குறைத்து எழுதினால், சாப்பிட்டும் எழுதவில்லை, நன்றி கெட்டவன் என்பார்கள். யார் கட்டினது என்று தெரியாமல் கையெழுத்துப் போட முடியாது.

இரவு மீனாம்பிகை போன் எடுத்தார். “காலமைச் சாப்பாடு என்ன செய்தனீங்கள்?”

நடந்ததைச் சொன்னார். மீனாம்பிகை சிரித்தார். “ஆரோ நல்ல மனசில செய்திருப்பினம். விடுங்கோவன்.”

“நல்ல மனசெண்டால் அதுக்கொரு பேரும் விலாசமும் இருக்குமெல்லே.”

நோன்பு மாதத்தில் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வரும் கஞ்சியை அவருக்குத் தெரியாமல் இருபது வருஷமாக வாங்கிக் குடித்த மனைவி, அதோடு பேச்சை வாகினி பக்கம் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பலீலின் கடைக்கு எதிரே, முத்தலிப்பின் லொத்தர்ச் சீட்டுத் தட்டிக்குப் பின்னால் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கடையை விட்டு வெளியே வரும் ஆட்களில் சிலர் உள்ளே போகிறவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் யாரோ ஒரு கிழவரைக் கும்பிட்டாள். முன்பின் தெரியாதவர்கள் காலையிலேயே ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிப்பது தில்லையம்பலத்துக்கு நல்லதாகப் படவில்லை. ஏதோ பரவுகிறது என்று நினைத்தார்.

பரவுகிற எதற்கும் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கொரோனாக் காலத்தில் இவனுக்கு யாரிடமிருந்து வந்தது, அவனுக்கு யாரிடமிருந்து வந்தது என்று அம்புக்குறி போட்டுப் போட்டே முதல் ஆளைப் பிடித்தவர் அவர். கொப்பியைத் திறந்தார். பக்கத்தின் அடியில் தன் பெயரை எழுதினார். அதற்கு மேல் ஓர் அம்புக்குறி போட்டு, “வெள்ளிக்கிழமை முதலாவதாக வந்தது யார்?” என்று முத்தலிப்பைக் கேட்டார்.

“எல்கடுவ ராமசாமி அண்ணன்தான் ஐயா. கிளினிக்குக்கு வந்தாரு. ஏன், ஏதும் பிரச்சினையா?”

“அதத்தான் பாக்கிறேன்” என்றார் தில்லையம்பலம். பீ.எச்.ஐ. வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு பஸ் நிலையத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. முத்தலிப்பிடம் அன்று சீட்டு வாங்கிய அத்தனை பேருக்கும் சீட்டோடு சேர்த்து அதுவும் போனது.

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் மோட்டார்சைக்கிள் நின்ற சத்தம் கேட்டதும் ராமசாமி செய்த முதல் வேலை, தண்ணீர்ப் பீப்பாயை மூடியது. எழுபது வயசிருக்கும். உட்காரச் சொல்லவில்லை. தில்லையம்பலம் நின்றபடியே கேட்டார்.

“வெள்ளிக்கிழமை பலீல் கடையில அடுத்த ஆளுக்குக் காசு வச்சீங்களா?”

“வச்சேங்க.”

“யாருக்கு?”

“யாருன்னு தெரியாதுங்க. எனக்கு யாரோ கட்டியிருந்தாங்க. காசுக்குப் பயந்து வெறும் தேத்தண்ணியோட கிளினிக்குக்குப் போவலாம்னு இருந்தேன், சாப்பிட்டுட்டுப் போனேன். சரி, நாமளும் ஒருத்தருக்குன்னு வச்சேன்.”

“அது நான்தான். நான் வரப்போறேன்னு உங்களுக்கு யாரும் சொன்னாங்களா?”

ராமசாமி அவரை நன்றாகப் பார்த்தார். “நீங்கன்னு தெரிஞ்சிருந்தா வச்சிருக்கவே மாட்டேங்க.”

தில்லையம்பலம் பேனாவைத் தூக்கியபடி நின்றார்.

“என் வீட்டுக்காரி கீழ பஸ் நிக்கிற எடத்துல வடை போட்டு வித்தா. ஈ மொய்க்குது, சாக்கடைக் கான் பக்கத்துல இருக்குன்னு நோட்டீஸ் குடுத்தீங்க. மூடி போட்ட பெட்டி வாங்குன்னீங்க. எங்கேருந்து வாங்குறது? அப்பறம் அவ அடுப்பே வைக்கல. அவ போயி ஆறு வருசமாச்சு. நீங்க செஞ்சது சட்டம்தாங்க, இல்லேங்கல. ஆனா நீங்கன்னு தெரிஞ்சிருந்தா வச்சிருக்க மாட்டேன்.”

இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கட்டினவருக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது, ஆகவே லஞ்சமில்லை. தில்லையம்பலம் அதைக் கொப்பியில் எழுதினார். எழுதும்போது சந்தோஷம் வரவில்லை, அது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. அந்த நோட்டீஸ் அவருக்கு நினைவிருந்தது. கான்தான் நினைவிருந்தது, பெண்ணின் முகம் நினைவில்லை. பையிலிருந்து காசை எடுத்து நீட்டினார்.

“எனக்கு வேணாங்க” என்றார் ராமசாமி. “எனக்கும் இன்னொருத்தர் கட்டினதுதானே. வியாழக்கிழம ஒரு டீச்சரம்மா வச்சிட்டுப் போனதா பலீல் நானா சொன்னாரு. குடுக்கணும்னா அவங்களைப் பாருங்க.”

லயத்து இறக்கத்தில் இறங்கும்போது, அப்பாவிக் கிழவன், இவனைக் கருவியாக வைத்து மேலே யாரோ நடத்துகிறார்கள் என்று தில்லையம்பலம் முடிவு செய்தார். சந்தேகப்படுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு ஆள் குற்றமில்லை என்று தெரிந்தால், குற்றம் இன்னும் ஒரு படி மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த டீச்சர் மஸூதா என்று முத்தலிப்பிடம் தெரிந்துகொண்டு, அவரைத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலிலேயே பிடித்தார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார் சுற்றி நின்றார்கள்.

“வியாழக்கிழமை பலீல் கடையில என்ன சாப்பிட்டீங்க?”

டீச்சரின் முகம் வெளுத்தது. “இடியப்பம். ஏன் சேர், யாருக்கும் ஏதும் ஆகிட்டா?”

“நீங்க கட்டின சாப்பாட்டச் சாப்பிட்டவங்களத்தான் ஒவ்வொருத்தரா பாத்துட்டு வாறேன்.”

“அல்லாவே. சாப்பிட்டவங்களுக்குச் சுகமில்லையா?”

அப்படி ஒன்றுமில்லை என்று தில்லையம்பலம் சொன்னார். ஆனால் சுற்றி நின்ற தாய்மாரில் பாதிப்பேர் அதற்குள் போனை எடுத்துவிட்டார்கள். ஒரு பரிசோதகர் கொப்பியும் கையுமாக நின்று, என்ன சாப்பிட்டீர்கள், உங்களுக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று கேட்டால் அதற்கு மாத்தளையில் ஓர் அர்த்தம்தான் உண்டு. அதை ஊருக்குப் பழக்கியதே தில்லையம்பலம்தான். கேள்விகளைச் சரியாகத்தான் கேட்டார். காய்ச்சலுக்குக் கேட்கிற கேள்விகளை இதற்குக் கேட்டுவிட்டார்.

டீச்சருக்குக் கட்டியது வில்கமுவ பஸ்ஸின் கண்டக்டர் ஹஸீப் என்று டீச்சரே சொன்னார். அவன் புதன்கிழமை முதல் ஆள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் பஸ் நிலையத்தில் டிக்கெட் புத்தகத்தோடு நின்றவனைப் பிடித்தார்.

“உனக்கு முன்னுக்குக் கட்டினது யாரு?”

“எனக்கு ஆருமே கட்டல்ல சேர். அது மிச்சமாக் கெடந்த சல்லிக்கு வந்த சாப்பாடு. பலீல் நானா சொன்னார், முந்தின நாள் ஒரு பெரிய மனுசன் இடியப்பத்துக்குச் சல்லிய முதல்லயே வச்சிட்டு, போன் வந்து, சாப்பிடாம ஓடிட்டாராம். சாப்பிடாத சாப்பாட்டுக்குச் சல்லி எடுக்கேலாதே. அவர் வாறவரைக்கும் பாத்துட்டு, வராததால எனக்குத் தந்தார். எனக்கு ஒருமாதிரியா இருந்திச்சு, ஓசியில திண்டுட்டுப் போக. அதான் நானும் ஒண்டு வச்சேன்.”

“எந்தப் பெரிய மனுசன்?”

“பேர் சொல்லல்ல சேர். சாப்பிட முன்னுக்கே சல்லி வைக்கிற மனுசன் மாத்தளையில எத்தின பேர் ஈக்காங்க?” என்று கேட்டவன், கேட்டுக்கொண்டிருக்கும்போதே எதிரில் நிற்பவரைப் பார்த்தான். பிறகு டிக்கெட் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினான்.

தில்லையம்பலம் பஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்தார். கொப்பியில் கடைசி அம்புக்குறிக்கு மேலே எழுத வேண்டிய பெயர், அதே பக்கத்தின் அடியிலும் இருந்தது. முதல் ஆளும் அவர்தான், கடைசி ஆளும் அவர்தான். அவர் சாப்பிட்டது அவருடைய சொந்தக் காசு. இருபத்தெட்டு வருஷம் அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. முதல் காரியமாக வந்தது பெரிய நிம்மதி, அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக வந்தது வெட்கம். அவர் எழுந்து போவதற்குள் அது நிம்மதியைத் தின்றுவிட்டது.

புதன்கிழமை காலை மறுசோதனைப் படிவத்தோடு கடைக்குப் போனார். ஏழு மணி. வழக்கமாக நிற்க இடமிருக்காத நேரம். மேசைகள் எல்லாம் துடைத்தபடி காலியாகக் கிடந்தன. பலீல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“எங்க ஆட்கள்?”

“நேத்திருந்து இப்படித்தான் சேர். எங்கட கடைச் சாப்பாட்டுல என்னமோ இருக்காம். அதுவும் மத்தவங்க கட்டிவச்ச சாப்பாட்டுலதான் இருக்காம். பீ.எச்.ஐ. ஐயா எல்லாரையும் தேடித் தேடி விசாரிக்கிறாராம்.” பலீலின் குரலில் கோபமில்லை, அதுதான் தாங்க முடியாமலிருந்தது. “நான் அண்டைக்கே சொல்ல வந்தேன். நீங்க என்னைத் தரப்பு எண்டீங்க.”

தில்லையம்பலம் சமையல்கட்டுக்குள் போனார். சுவருக்கு வெள்ளையடித்திருந்தது, குப்பைவாளிக்கு மூடி இருந்தது, ஓர் ஈ இல்லை. எப்படி இருக்கும், அங்கே சமைத்ததைத் தின்னவே ஆளில்லையே. ‘ஏ’ என்று எழுதி, உத்தியோகத்தின் கடைசிக் கையெழுத்தைப் போட்டார். படிவத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு சாப்பாட்டுக்குக் காசு வைத்தார்.

“ஒண்டு எனக்கு. மற்றது அடுத்து வாற ஆளுக்கு.”

கொஞ்ச நேரத்தில் கண்டி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் பையோடு உள்ளே வந்து இடியப்பம் கேட்டார். பலீல் தட்டை வைத்துவிட்டு, சல்லி கட்டியாச்சு என்றார். அந்த மனுஷனின் கை தட்டுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

“யார் கட்டினது?”

குரல்கூடத் தன் குரல் மாதிரியே தில்லையம்பலத்துக்குக் கேட்டது. “நான்தான்” என்றார். “சும்மா. சாப்பிடுங்க.”

வந்தவர் திரும்பிப் பார்த்தார். ஆளை அடையாளம் தெரிந்தது. பிறகு தட்டைப் பார்த்தார், மேசையிலிருந்த படிவத்தைப் பார்த்தார், மறுபடியும் அவரைப் பார்த்தார். “பீ.எச்.ஐ. ஐயா காசு கட்டி என்னைச் சாப்பிடச் சொல்றீங்களா? என்னை வச்சுச் சோதிக்கிறீங்களா?” பையை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

டெங்குவை அவரால் ஒழிக்க முடியவில்லை. எலிக்காய்ச்சல் ஒவ்வொரு போகத்துக்கும் தவறாமல் வந்தது. மூலத்தைக் கண்டுபிடித்து, தொட்டவர்களையெல்லாம் தேடிப்பிடித்து, ஒருவர் மிச்சமில்லாமல் அவர் நிறுத்திக்காட்டியது இது ஒன்றைத்தான்.

தன் தட்டைச் சாப்பிட்டு முடித்தார். சாப்பாடு நன்றாக இருந்தது. பலீல் அந்த இரண்டாவது சாப்பாட்டின் காசை எடுத்து நீட்டினார். தில்லையம்பலம் வாங்கவில்லை.

“வச்சிருங்க. நாளைக்கும் வருவேன், நாளைக்கும் வைப்பேன்.”

பலீல் அதை லாச்சியில் போடாமல் ஒரு கோப்பைக்குள் வைத்து மூடினார். “எல்கடுவ ராமசாமி அப்பாவுக்கு வெள்ளிக்கிழம கிளினிக் சேர். அவர் மட்டும் வருவார். ஆர் வச்சதெண்டு கேட்டா என்ன சொல்ல?”

தில்லையம்பலம் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“என் பேரச் சொல்லாதீங்க” என்றார். “சொன்னா அவர் சாப்பிட மாட்டார்.”